ஆதாரக்காரி

மனிதர்களில் ஆதாரக்காரி என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் நானும் சாப்பிட்டால் பசி அடங்கும், தூங்கினால் களைப்புத் தீரும், கல்யாணம் செய்துகொண்டால் ஒரு துணை கிடைக்கும். ஆதாரக்காரிக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். சாப்பிட்டதற்கும் தூங்கியதற்கும் கல்யாணம் செய்துகொண்டதற்கும் கையில் காட்ட ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவள் கவலை. இந்த இனத்தில் ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பையை மனைவியிடம் கொடுத்துவிடுவதால் சட்டென்று கண்ணில் படுவதில்லை.

அவளைக் கண்டுபிடிப்பது சுலபம். குடியேற்ற அலுவலகத்தில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறைகள் பிதுங்கும் ஒரு பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டே போகிறவள் யாரோ, அவள்தான். பையில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? கணவன் மனைவி இருவர் பெயரும் போட்ட மின்கட்டண ரசீது இருக்கும். அவர் ஓட்ட அவள் பயணம் செய்த பேருந்தின் டிக்கெட் இருக்கும். அவர் பல் பிடுங்கிக்கொண்டபோது 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கும். பல்லும் இருந்தது. கணவர்தான் பிடிவாதமாகத் தூக்கி எறிந்துவிட்டார்.

"அதை எதுக்கு வச்சிருக்கே?" என்று யாராவது கேட்டால் இந்த இனத்துக்கு ஒரே பதில்தான் தெரியும்.

"இருக்கட்டும், தேவைப்படும்."

நாம் பார்க்கப்போகிற ஆதாரக்காரி பிழைக்கப்போன வெளிநாட்டில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். சன்னல் இல்லாத கீழ்த்தளம். பெரிய இஸ்திரி மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வெளியே வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்துவந்து மடிக்கவேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் சும்மா இருக்காது. கசங்கிய விரிப்பைப் பார்த்தே எந்த அறையில் சண்டை, எந்த அறையில் சமாதானம் என்று கண்டுபிடித்துவிடுவாள், யாரிடமும் சொல்லமாட்டாள்.

அவளுடைய வேலை அனுமதிச் சீட்டில் அவள் பெயருக்குக் கீழே ஹோட்டலின் பெயர் அச்சாகியிருக்கும். ஹோட்டல் வேண்டும் என்று சொல்லும்வரை அவள் அந்த நாட்டில் இருக்கலாம். மேலாளர் கொஞ்சம் முகம் சுளித்தால் போதும், வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டிவைப்பாள். மறுநாள் அவர் சிரித்தால் திரும்ப ஏற்றிவைப்பாள். அந்தப் பெட்டி பயணம் போனதைவிடப் பரணுக்கும் தரைக்கும் போய்வந்ததுதான் அதிகம்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் கிடைத்தார். விடிகாலைப் பேருந்து, அந்த நாட்டுக் குடிமகன். அவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் மாதக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் போய்வந்தாள். மழை கொட்டிய ஒரு நாள், அவள் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்திவைத்திருந்தார். ஏறியவள் நன்றி சொல்ல வாயெடுத்து இருமினாள். "பரவாயில்லைம்மா" என்றார் அவர். அங்கிருந்து வளர்ந்தது. மனசு ஒத்துப்போன கல்யாணம். அதில் அவளுக்கும் சந்தேகமில்லை, அவருக்கும் சந்தேகமில்லை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஓர் அலுவலகம் இருக்கிறதல்லவா, அங்கேதான். குடிமகனைக் கட்டிக்கொண்டவள் அந்த நாட்டிலேயே தங்கலாம், ஆனால் கல்யாணம் நாடகமில்லை என்று அங்கே காட்டியாகவேண்டும்.

பதிவு அலுவலகத்தில் கணவரின் அக்கா எடுத்த ஒரே ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பெண் கையெழுத்துப் போடக் குனிந்திருக்கிறாள். அவளுடைய வகிடு மிக நேர்த்தியாக விழுந்திருக்கிறது.

இந்த இனத்துக்கு ஒரு குரு உண்டு. பாஸானவள் என்று அவளுக்குப் பெயர். இதே வழியில் கல்யாணம் செய்து, இதே அலுவலகத்தில் பதில் சொல்லி, குடியுரிமை வாங்கிவிட்டவள். எல்லா வேலையிடங்களிலும் ஒருத்தி இருப்பாள். தன் நேர்காணலை நேற்று நடந்தது போலச் சொல்வாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதிகாரி இன்னும் கொஞ்சம் கொடியவராகிவிடுவார். நம் ஆதாரக்காரிக்கு வாய்த்த பாஸானவள் விரிப்பின் அந்தப் பக்கத்து மூலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"படுக்கைல யாரு எந்தப் பக்கம்னு கேப்பாங்க."

"சுவத்துப் பக்கம் நான்."

"டக்குனு சொல்லாத. மனப்பாடம் பண்ணிட்டு வந்தியான்னுவாங்க. யோசிக்கணும். ரொம்ப யோசிச்சாலும் சந்தேகம் வந்துடும்."

"அப்போ எவ்வளவு நேரம்தான் யோசிக்கறது?"

"இதை ஒரு மடிப்பு மடிக்கற நேரம். சரி, பல் தேய்க்கற பிரஷ் என்ன கலர்?"

ஆதாரக்காரி நாலடி முன்னே நடந்துவந்து, மூலையோடு மூலை சேர்த்து, பின்னால் போய், "அவருது நீலம், என்னுது பச்சை" என்றாள்.

"அதான். எல்லாம் முடியற வரைக்கும் பிரஷ்ஷை மாத்திடாதீங்க. அப்புறம் படம். கல்யாணப் படத்தை மட்டும் காட்டினா அன்னிக்கு ஒரு நாள் நடிச்சீங்கன்னுடுவாங்க. தினப்படி படம் வேணும். நாங்க கொடுத்ததைப் பாத்துட்டு அவங்களே போதும்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சண்டை மட்டும் சத்தமா போடாதீங்க. பக்கத்து வீட்டுல வந்து விசாரிப்பாங்க."

அவ்வளவுதான். அன்று மாலையிலிருந்து அந்த வீட்டில் இருவரும் குடித்தனம் நடத்துவதை நிறுத்திவிட்டுக் குடித்தனத்துக்கு ஆதாரம் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவள் அவள். அவர் மாட்டிக்கொண்டார்.

படங்கள் குவிந்தன. அவர் சாப்பிடுகிறார். அவர் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவர் நீல பிரஷ்ஷோடு, நுரையோடு, கதவிடுக்கில் திகைத்துப் பார்க்கிறார். பூங்காவில் அவர். கடற்கரையில் அவர். மருந்துக்கடை வரிசையில் எட்டாவது ஆளாக அவர். போனை எல்லோரும் பிடிப்பதுபோல அவள் பிடிக்கமாட்டாள். விரிப்பு மடித்துப் பழகிய கை. எதைக் கொடுத்தாலும் மூலையைப் பார்த்துத்தான் பிடிக்கும். கட்டைவிரல் இந்தப் பக்கம், மற்ற விரல்கள் அந்தப் பக்கம், உதறினால் மடிந்துவிடும் போல.

"சிரிங்க."

"எதுக்கு?"

"அரசாங்கத்துக்கு."

"அரசாங்கம் என்கிட்ட ஒரு நாள் சிரிச்சிருக்கா?"

"ஏங்க, ஒரே ஒரு தடவை. சோத்துல கைய வச்ச மாதிரி இருங்க. சாப்பிட்டுடாதீங்க."

கணவரின் அக்கா வந்தால் அவளும் தப்பமுடியாது. தம்பிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவைத்து எடுப்பாள். அக்கா ஒரு நாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ என் தம்பியைக் கட்டிக்கிட்டியா, காவல் காக்கறியா? போனை இப்படிக் குடு. நீ போய் அவன் பக்கத்துல நில்லு, நான் எடுக்கறேன்."

"ஐயோ வேண்டாங்கா. நீங்களே நில்லுங்க. என் மூஞ்சி படத்துல நல்லா விழாது."

சண்டை விஷயம் தனிக் கதை. கணவன் மனைவி என்றால் சண்டை இல்லாமலா? ஆனால் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது கூர்மை. எனவே சன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சமையலறை மூலையில் நின்று கிசுகிசுவென்று சண்டை போடுவார்கள். கிசுகிசுவென்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? "உங்க வீட்டு ஆளுங்க" என்று ஆரம்பிக்கும்போதே கோயிலில் ரகசியம் பேசுவதுபோல இருக்கும். பாதியில் சிரிப்பு வரும். சிரித்தால் தோற்றதாகிவிடும். எனவே இருவரும் சண்டையை ஒத்திப்போட்டார்கள். "இதைக் குடியுரிமை வந்தப்புறம் வச்சுக்கறேன்" என்பாள். "நானும் வச்சுக்கறேன்" என்பார். அப்படி ஒத்திப்போட்டவை மட்டும் ஒரு பெரிய குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது ஒரு நாள் வரைதான். அன்று மேலாளர் எல்லோரையும் கீழ்த்தளத்தில் கூட்டி, இனிமேல் துணியெல்லாம் வெளி நிறுவனத்துக்குப் போகும், மாதக் கடைசியோடு சலவைப் பிரிவை மூடுகிறோம் என்று சொன்னார். இந்தத் தடவை அவர் முகம் சுளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். பாஸானவளுக்கு ஒரு கவலையும் இல்லை. வேறு வேலை தேடிக்கொள்வாள். ஆதாரக்காரிக்கு அப்படியா? பிரிவு போனால் வேலை போகும், வேலை போனால் அனுமதி போகும், அனுமதி போனால் அவள் போகவேண்டும். கணவரால் கூடப் போகமுடியாது. அவருக்கு அங்கேதான் பேருந்து, அங்கேதான் பிழைப்பு. அந்த வாரமே நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. பெட்டி பரணிலிருந்து இறங்கியது. இந்தத் தடவை அவள் அதைத் திரும்ப ஏற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கணவர் இருட்டில், "பிரஷ் கலர் என்ன?" என்று கேட்டார். அவர் ஆறுதல் சொல்கிற விதம் அது.

நேர்காணல் நாள். கணவரை வெளி அறையில் உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியம்மா; பாஸானவள் வர்ணித்ததுபோல் கொம்பு எதுவும் இல்லை, ஜலதோஷம்தான் இருந்தது. பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர், அடுத்தவர் பேச்சைச் சுமந்து சுமந்து தோள் இறங்கிப்போன மனிதர்.

ஆதாரக்காரி பையைத் திறந்து ஆல்பத்தை எடுத்துவைத்தாள். எடுத்துவைக்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. இதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடத்தான் போகிறார்கள்.

அதிகாரியம்மா ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்று. மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம் சொல்றாங்க, இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நல்லாத் தெரியுது. யாரோடன்னுதான் தெரியலை."

அவளுக்குப் புரியவில்லை.

"இதுல நீங்க எங்கம்மா?"

ஆல்பத்தை எட்டிப் பார்த்தாள். அவர் சாப்பிடுகிறார். அவர் தூங்குகிறார். அவரும் அக்காவும் நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் யாரும் அவர்களைத்தான் தம்பதி என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர், அவர், அவர். கடைசியில் ஒரு வகிடு. எல்லாவற்றையும் கவனிக்கிற கண்ணுக்கு, அத்தனை படத்திலும் தான் இல்லை என்பது மட்டும் அன்றுவரை தென்படவில்லை. கட்டிலோரத்துப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்லவேண்டும். இரவும் பகலும் படித்துவைத்ததில் எது முதலில் வாயில் வந்ததோ, ஒரு மடிப்பு மடிக்கிற நேரம் யோசித்து, அதைச் சொன்னாள்:

"அவருது நீலம், என்னுது பச்சை."

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தார்.

அதிகாரியம்மா கணவரைக் கூப்பிடச் சொன்னார். வந்தவரிடம் ஆல்பத்தைத் திருப்பி, இதையெல்லாம் எடுத்தது யார் என்று கேட்டார்.

"வேற யாரு? இவதான்" என்றார் அவர். "அதுக்கு என்ன அத்தாட்சின்னு கேக்கறீங்களா? ஓரத்தைப் பாருங்க. விரல். இதுல பாருங்க, விரல். கடல்ல பாதிய மறைச்சிருக்கு பாருங்க, அது விரல். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், விரலை எடு, விரலை எடுன்னு. கேட்டாத்தானே?"

பார்த்தார்கள். ஆமாம். ஒவ்வொரு படத்தின் மேல் மூலையிலும் மங்கலாக, ஊதினாற்போல, ஒரு சதைத்துண்டு.

கணவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எத்தனை மாதத்துச் சண்டை உள்ளே இருக்கிறது! "இதுல நான் சிரிக்கறேன்னு நினைக்காதீங்க, பசில பல்லக் கடிச்சுக்கிட்டிருக்கேன். சோறு ஆறி அப்பளமாட்டம் ஆயிடுச்சு. இதுல முறைக்கறேன் பாருங்க, கேமராவை இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கறவளை. குழாய் பீச்சியடிக்குது, நான் நனைஞ்சு நிக்கறேன், துணி எடுத்துக் குடுன்னா 'அப்படியே இருங்க'ங்கறா!"

அவள் அலுவலகத்தை மறந்தாள். சன்னலை மறந்தாள். பக்கத்து வீட்டுக்காரரை மறந்தாள்.

"ஏங்க, அந்தக் குழாயை முதல்ல உடைச்சதே நீங்கதானே! பிளம்பரைக் கூப்பிடுங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கலை? எனக்குத் தெரியாதான்னு சொன்னது யாரு? உங்களுக்காகவா எடுத்தேன் நான்? உங்ககூட இருக்கணும்னுதானே எடுத்தேன்!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி அவரே கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பி, இருவரையும் சேர்த்து மொழிபெயர்க்கப் பார்த்து, குழாயில் தடுக்கி, கடைசி வாக்கியத்தை மட்டும் மெல்லச் சொல்லி முடித்தார். அவள் கழுத்துவரை சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். வகிடு தெரிந்தது. அதிகாரியம்மா கல்யாணப் படத்தை ஒருமுறை பார்த்தார், எதிரே ஒருமுறை பார்த்தார்.

பிறகு அவளுடைய போனை எடுத்து, படம் எடுக்கிற மாதிரி பிடித்துக்காட்டச் சொன்னார். அவள் மூலையைப் பார்த்துப் பிடித்தாள். அவளுக்கு வேறு மாதிரி பிடிக்கத் தெரியாது. அதிகாரியம்மா எழுந்துவந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். மேஜை தெரிந்தது, காலியான நாற்காலி தெரிந்தது, முறைத்துக்கொண்டிருக்கும் கணவர் தெரிந்தார், மேல் மூலையில் விரல் தெரிந்தது.

"மேடம் சொல்றாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர், "அவங்களுக்குப் போதுமாம். ஆனா ஃபைலுக்குப் போதாதாம். ரெண்டு பேரும் முகம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம், இன்னிக்குள்ள கொடுத்துடுங்க. உள்ள எடுக்கக் கூடாது. வாசல்ல எடுத்துக்குங்க."

அத்தனை கேள்விக்கும் படித்துவைத்திருந்தவளுக்கு இந்த ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. வாசற்படியில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, கேமராவுக்கு முன்னால் நிற்கவேண்டும். "நாளைக்கு எடுத்துக் கொடுத்தா ஆகாதா?" என்றாள். "முகம் கழுவலை. புடவை சரியில்லை."

"நாளைக்கா?" என்றார் கணவர். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அந்தப் பை வேறு கைக்கு மாறியது அன்றுதான். அவள் வந்து நின்றாள்.

இடைவேளைக்குக் காற்று வாங்க வந்த மொழிபெயர்ப்பாளர்தான் எடுத்துக்கொடுத்தார். "சிரிங்கம்மா" என்றார். "எதுக்கு?" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அந்தப் படத்தில் அவள் ஒரு கண் மூடியிருக்கிறது, வாய் 'சீக்கிரம் எடுங்க' என்பதில் பாதியில் நிற்கிறது. கணவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார், யாரும் சிரிக்கச் சொல்லாமலே. ஓரத்தில் மங்கலாக ஒரு விரல். இது மொழிபெயர்ப்பாளருடையது.

சலவைப் பிரிவை மூடுவதற்கு முன்பே நிரந்தரமாகத் தங்குவதற்கான கார்டு வந்துவிட்டது. அதில் எந்த ஹோட்டலின் பெயரும் இல்லை. சில வருஷம் கழித்துக் குடியுரிமையும் வந்தது. பெரிய கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று, கையை உயர்த்தி, சத்தமாக உறுதிமொழி சொல்லவேண்டும். அவள் குரல் வெளியே வந்ததா என்று கணவருக்கு இன்றைக்கும் சந்தேகம். வந்தது என்று அவள் சாதிக்கிறாள். வாழ்க்கையில் அந்த ஒன்றுக்குத்தான் அவளிடம் ஆதாரமில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் முதல் காரியமாகச் சன்னல்களைத் திறந்துவிட்டார். நீல பிரஷ்ஷைக் குப்பையில் போட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பிக்கலாமா? முதல்ல எதை எடுக்கலாம்?" என்றார். ஒத்திப்போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாக, முழுச் சத்தத்தில் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். கணவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற நேரத்தில், மாலை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவள் கை தானாகப் போனை எடுத்தது.

"இன்னும் எதுக்கு? எல்லாம்தான் முடிஞ்சுடுச்சே?"

"இருக்கட்டும், தேவைப்படும்."

"யாருக்கு?"

அதற்குள் அவள் படத்தை எடுத்துவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களை எந்த அலுவலகமும் கூப்பிடவில்லை, எந்த அதிகாரியும் கேள்வி கேட்கவில்லை. அப்படியென்றால் தட்டு மேஜைக்கு வந்ததும், யாரும் கைவைக்காதீங்க என்று எல்லோரையும் பசியோடு நிறுத்திவைப்பது யார்? கடலைப் பார்க்கப் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது யார்? குழந்தை நடக்க ஆரம்பித்த நாளை நினைவிருக்கிறதா என்று கேட்டால், இருங்க, இதுலதான் இருக்கு என்று போனைத் தடவுவது யார்? எதற்கும் ஒருமுறை திறந்து பாருங்கள். அத்தனை படத்திலும் நீங்கள் எங்கே என்று தேடுங்கள். காணோமென்றால் கலங்கவேண்டாம், ஓரத்தைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். கடைசிவரை அவள், அவள் என்றே சொல்லி ஒப்பேற்றியாகிவிட்டது. மேல் மூலையில் மங்கலாக ஏதாவது தெரிந்தால் தூசி என்று துடைத்துவிடாதீர்கள்.

அது என் விரல்.